நிறுத்தாதே, அளவைப் பார்

பாளையங்கோட்டை,
ஆவணி, ஞாயிறு காலை.

அன்புள்ள செல்விக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கூடவே நீ பேசி அனுப்பியதையும் கேட்டேன். "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல, நாளையிலேர்ந்து நிறுத்தப் போறேன்" என்று முடித்திருக்கிறாய். போனில் பதில் சொன்னால் பாதியில் குறுக்கே விழுவாய். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதே. அதே சமயம், இப்போது விழுங்கும் 125 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையை அப்படியே மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகவும் கூடாது. இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார். அதற்குள் நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நாடி தாறுமாறாக ஓடினாலோ வாரக் கணக்கெல்லாம் பார்க்காதே. பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடு.

உன் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 0.06 என்று இருக்கிறது. சாதாரணமாக 0.4-லிருந்து 4 வரை இருக்கலாம். அதைப் பார்த்து "தைராய்டு ரொம்பக் கம்மியாயிடுச்சு, அதான் படபடப்பு" என்று நீ சொல்கிறாய். தலைகீழ். டி.எஸ்.எச்.சைத் தைராய்டு சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டைப் பார்த்து "வேலை செய், வேலை செய்" என்று போடுகிற அதட்டல் அது. வேலைக்காரன் சோம்பினால் எஜமானின் சத்தம் ஏறும். வேலை தேவைக்கு மேல் நடந்தால் எஜமான் வாயையே திறக்கமாட்டார். உன் பிட்யூட்டரி இப்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அதாவது உன் ரத்தத்தில் ஹார்மோன் கூடிப்போயிருக்கிறது. கீழே ஃப்ரீ டி4 மேல் எல்லையைத் தாண்டி நிற்பதும் அதையேதான் சொல்கிறது. லேபில் வேலை பார்த்த காலத்தில் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள். டி.எஸ்.எச். குறைந்ததைப் பார்த்துவிட்டு அன்றைக்கே இன்னொரு மாத்திரை சேர்த்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். போன தீபாவளிக்கு முன்னால் வரை நீ 75 மைக்ரோகிராமில் நிம்மதியாக இருந்தாய். அப்புறம் மூட்டு வலி என்று எலும்பு டாக்டரிடம் போனாய். அவர் கால்சியம் மாத்திரை கொடுத்தார், வலி மாத்திரைக்குத் துணையாக கேஸ் மாத்திரையும் கொடுத்தார். பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்தபோது நானே பார்த்தேன்: காலையில் எழுந்ததும் எல்லா டப்பாவிலிருந்தும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் கொட்டி, ஒரே வாயில் போட்டு, கையோடு டிகிரி காபியையும் குடித்தாய். நல்ல சுறுசுறுப்பு என்று அம்மாவாக இருந்தால் மெச்சியிருப்பாள்.

தைராக்ஸின் மாத்திரை மாதிரி சாப்பாட்டுக்குக் கூச்சப்படுகிற மாத்திரை அபூர்வம். கால்சியமும் இரும்புச் சத்தும் குடலுக்குள்ளேயே அதைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது வேண்டும். காபியும் சேர்மானத்தைக் குறைக்கும். கேஸ் மாத்திரை வயிற்றில் அமிலத்தைக் குறைப்பதால் மாத்திரை சரியாகக் கரைவதில்லை. உனக்கு மூன்றும் ஒன்றாகக் கூடிவிட்டன. 75 என்று டப்பாவில் போட்டிருந்தாலும் உடம்புக்குள் போய்ச் சேர்ந்தது எவ்வளவோ! டி.எஸ்.எச். 11-க்கு ஏறியது. தைராய்டு டாக்டர் 100 ஆக்கினார். அப்புறமும் 7-க்குக் கீழே இறங்காததால் 125 ஆக்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. எலும்பு டாக்டர் கொடுத்த சீட்டு அவர் கண்ணில் படவே இல்லை, நீயும் "வேற மாத்திரை ஒண்ணும் இல்லை" என்றுதான் சொல்லியிருப்பாய். கால்சியத்தை யார்தான் மாத்திரைக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

சித்திரையில் மூட்டு வலி தேறியது. கால்சியத்தையும் கேஸ் மாத்திரையையும் விட்டாய். அதே நேரம் உன் மகள் நித்யா எங்கேயோ கேட்டுவந்து, "அஞ்சு மணிக்கு வெறும் தண்ணியில போடும்மா, ஒரு மணி நேரம் கழிச்சு காபி குடி" என்று உன்னைத் திருத்தினாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் வழியில் இருந்த தடையெல்லாம் ஒரேயடியாக நீங்கியபோது, தடையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணிக் கொடுத்த 125 அப்படியே நின்றுவிட்டது. இப்போது அது முழுசாக உள்ளே போகிறது. தைராய்டு சுத்தமாக வேலை செய்யாதவருக்கே ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம்தான் ஒரு நாள் கணக்கு. நீ 58 கிலோ, பெருக்கிப் பார். 93 வருகிறது. உன் தைராய்டு கொஞ்சமாவது இன்னும் சுரக்கிறது. அதற்கு மேல் 125 போட்டால் படபடக்காமல் என்ன செய்யும்?

நீ சொன்ன ஒவ்வொன்றும் இதில் பொருந்துகிறது. படுத்தால் தலையணையில் காது வைத்த பக்கம் இதயத் துடிப்பு கேட்கிறது என்றாய். ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்குகிறது, ஃபேனுக்கு அடியிலேயே வேர்க்கிறது, தினம் இரண்டு மூன்று தடவை வயிறு இளக்கமாகப் போகிறது, சும்மா சும்மா எரிச்சல் வருகிறது. இதெல்லாம் மாத்திரை ஒத்துக்கொள்ளாததன் அடையாளம் இல்லை, மாத்திரை அளவுக்கு மேல் வேலை செய்வதன் அடையாளம். ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு, அது வேறு மாதிரி இருக்கும். மாத்திரையில் சேர்க்கும் சாயத்துக்கோ மற்ற பொடிக்கோ தோலில் தடிப்பு, அரிப்பு என்று வரும். அபூர்வம். உனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது என்பதற்கு இரண்டு காரணம் இருக்கிறது. உனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வயசில் ஹார்மோன் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் எலும்பு தேயும். நீ கால்சியம் சாப்பிட்டதே அதற்குத்தானே? இன்னொன்று இதயம். டி.எஸ்.எச். 0.1-க்குக் கீழேயே வெகுநாள் கிடந்தால் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கு தப்பித் துடிக்க ஆரம்பிக்கலாம், வயசாக ஆக அந்த ஆபத்து கூடும். பயமுறுத்தவில்லை. இப்போதே பிடித்துவிட்டோம் என்பதால்தான் சொல்கிறேன்.

ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது, அதை அவிழ்க்காமல் டாக்டரிடம் போகாதே. முடி கொட்டுகிறது என்று ஒரு மாத்திரை போடுகிறாயே, டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன் அல்லவா? அதில் பயோட்டின் 10 மில்லிகிராம் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது மைக்ரோகிராம் கணக்கில்தான். பயோட்டினால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ரத்தப் பரிசோதனையை அது ஏமாற்றும். பல லேப் கருவிகளில் டி.எஸ்.எச்., டி4 இரண்டையும் அளக்கும் முறையே பயோட்டினை ஒரு பிடிமானமாக வைத்து அமைந்தது. ரத்தத்தில் பயோட்டின் வெள்ளமாக இருந்தால் கருவி டி.எஸ்.எச்.சைக் குறைத்துக் காட்டும், டி4-ஐக் கூட்டிக் காட்டும். அப்படியே உன் ரிப்போர்ட் மாதிரி! உனக்கு நடுக்கமும் வேர்வையும் இருப்பதால் முழுக்கப் பொய் ரிப்போர்ட் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 0.06-இல் எவ்வளவு உன் உடம்பு, எவ்வளவு முடி மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இன்றே முடி மாத்திரையை நிறுத்து. இரண்டு மூன்று நாள் கழித்து, டாக்டர் சொன்னால் மறுபடி ரத்தம் கொடு. கொடுக்கும் நாள் காலையில் தைராய்டு மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள். முன்னாடியே போட்டுவிட்டுப் போனால் சில மணி நேரத்துக்கு டி4 கொஞ்சம் உயர்ந்து காட்டும். லேபையும் மாற்றாதே. இரண்டு லேபுக்கு இரண்டு கருவி, நம்பர் நாலு புள்ளி முன்னே பின்னே வந்தாலும் அதற்கு ஒரு ராத்திரி தூக்கம் போகும்.

முடி கொட்டுவது பற்றி. தைராய்டு குறைந்தாலும் கொட்டும், கூடினாலும் கொட்டும், அளவு மாறும் காலத்திலும் கொட்டும். சிகிச்சை ஆரம்பித்த முதல் சில மாதம் கொட்டுவதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் மாத்திரையைத் திட்டுகிறார்கள். அளவு சமனாகி நாலைந்து மாசம் ஆனால் தானே நிற்கும். நிற்காவிட்டால் ஹீமோகுளோபினையும் இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல். எல்லாப் பழியையும் தைராய்டு தலையில் கட்டுவது நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. எடை போடுவதும் அப்படித்தான். தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலைந்து கிலோ, அதிலும் நிறைய உப்பும் நீரும். உன் பக்கத்து வீட்டு அக்கா பதினைந்து கிலோவுக்கும் தைராய்டையே சாட்சிக்குக் கூப்பிடுகிறாள். மெலிய வேண்டும் என்று அவள் மாத்திரையைக் கூட்டிப் போடுகிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டுப் பார், அப்படியென்றால் இந்தக் கடிதத்தை அவளிடமும் கொடு.

"ஹார்மோன் மாத்திரை, கெமிக்கல், ஒரு தடவை ஆரம்பிச்சா விடவே முடியாது" என்று வேறு சொல்கிறாய். விட முடியாது என்பது சரிதான். ஆனால் பழக்கம் பிடித்துக்கொள்வதால் இல்லை, சுரப்பி போதுமான அளவு சுரக்காததால். உன் தைராய்டு சுரக்க வேண்டிய தைராக்ஸின்தான் இந்த மாத்திரையில் இருக்கிறது, ஒரு அணுவும் மாறாமல். டப்பாவில் எல்ட்ராக்ஸின் என்று இருந்தாலும் தைரோநார்ம் என்று இருந்தாலும் உள்ளே அதே சரக்கு. ஆனால் அடிக்கடி கம்பெனி மாற்றாதே. மைக்ரோகிராம் கணக்கு என்பதால் சின்ன வித்தியாசமும் சிலருக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரர் "அது ஸ்டாக் இல்ல, இது அதேதான்" என்று மாற்றிக் கொடுத்தால் டாக்டரிடம் சொல், ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்.

இயற்கையாகவே வேண்டும் என்கிறாய். அந்தக் காலத்தில் இயற்கையாகத்தான் கொடுத்தார்கள். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், முகம் ஊதி, தோல் தடித்து, பேச்சே மந்தமாகிப் போன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டை அரைத்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் தேறி, பிறகு 28 வருஷம் உயிரோடு இருந்தாள். ஆட்டுக்கு ஆடு சத்து மாறும் என்பதுதான் அதில் சிக்கல். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் கெண்டல் என்பவர் 1914 கிறிஸ்துமஸ் அன்று தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இன்று 88, 112 என்று எண்ணிப் போட முடிவது அந்த வழியில் வந்த வசதி. அதை விட்டுவிட்டுக் கொத்தமல்லி விதைத் தண்ணீர் குடிக்கப் போகிறாயா? குடி, ருசியாகத்தான் இருக்கும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. அதில் தைராக்ஸின் இல்லை, அவ்வளவுதான். கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று யாராவது நீட்டினால் மட்டும் தொடாதே. உனக்கு இருப்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிற வகை, ஆன்டி டி.பி.ஓ. ரிப்போர்ட் அதைத்தான் சொன்னது. 1912-இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் எழுதி வைத்தது, அவர் பேரிலேயே வழங்குகிறது. அதற்கு அயோடினைக் கொட்டினால் இன்னும் கெடலாம். சமையலுக்குச் சாதாரண அயோடின் உப்பே போதும். இந்துப்புக்கு மாறிவிட்டதாகச் சொன்னாய், அதில் அயோடின் கிட்டத்தட்ட இல்லை. முட்டைகோஸ், காலிஃபிளவரை வேகவைத்துச் சாப்பிடத் தடையே இல்லை. அவியலில் கோஸ் போட்டதற்கு நித்யாவைத் திட்டாதே.

நம் அம்மாவை நினைத்துக்கொள். சித்திரை வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாளே. குரல் கட்டைக் குரலாகி, கைவளையல் இறங்காமல் சோப்புப் போட்டு இழுத்தோமே. ஆச்சி "சோம்பேறி மருமக" என்று அம்மா காது கேட்கவே சொல்வாள். அம்மா எதிர்த்துப் பேசாமல் இருந்ததைப் பொறுமை என்று ஊரே புகழ்ந்தது. அது பொறுமை மட்டும் இல்லை என்று லேபில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவின் ரத்தத்தை நானே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மாத்திரை ஆரம்பித்த சில மாதத்தில் அவள் ஆச்சிக்குப் பதிலுக்குப் பதில் பேச ஆரம்பித்தாள். "வாய்க்காரி ஆக்கிட்டியே" என்று அப்பா என்னைத்தான் திட்டினார். மாத்திரை இல்லாமல் எப்படி இருக்கும் என்று நீ கேட்டால், இப்படித்தான் இருக்கும்.

நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் ஏமாற்று. தைராக்ஸினில் பாதி உடம்பிலிருந்து கழியவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். முதல் இரண்டு வாரம் படபடப்பு அடங்கி, "பார்த்தியா, நிறுத்தினதும் நல்லாயிட்டேன்" என்பாய். அப்புறம் மெல்ல மெல்ல மலச்சிக்கல், அசதி, கால் வீக்கம், கொலஸ்ட்ரால் என்று மறுபக்கம் சரிவாய். அளவைக் குறைத்தாலும் இதே கணக்குத்தான்: இன்று குறைத்தால் நாளைக்கே நடுக்கம் நிற்காது. ஒன்றிரண்டு வாரத்தில் இளகும், ஆறு வாரத்தில்தான் புது அளவு நிலைக்கு வரும். அதற்கு முன்னால் டெஸ்ட் எடுப்பது காசுக்குக் கேடு. இடையில் படபடப்பு தாங்கவில்லை என்றால் டாக்டர் சில நாளுக்கு வேறு ஏதாவது மாத்திரை தருவார், நீயாகக் கடையில் கேட்டு வாங்காதே.

ஒரு நாள் மறந்துபோனாலும் இதே ஏழு நாள் கணக்கு உன்னைக் காப்பாற்றும், பதறாதே. உனக்கு அதிகாலை காபி இல்லாமல் ஒரு மணி நேரம் தள்ளுவது தண்டனையாக இருந்தால், ராத்திரி படுக்கும்போது போடலாமா என்று டாக்டரைக் கேள். நெதர்லாந்தில் 2010-இல் வந்த ஒரு ஆய்வில் ராத்திரி போட்டவர்களுக்கு மாத்திரை இன்னும் நன்றாகவே சேர்ந்திருக்கிறது. ஆனால் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். உன் வீட்டில் சீரியல் முடிந்து ஒன்பதரைக்குத் தட்டு எடுப்பீர்கள், அதனால் உனக்குக் காலைதான் சரிப்படும் என்பது என் எண்ணம். டப்பாவை அடுப்படி அலமாரியிலிருந்து எடுத்துவிடு. சூடும் ஈரமும் அந்த மாத்திரைக்கு ஆகாது.

டாக்டரிடம் போகும்போது எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போ, முடி மாத்திரை உட்பட. எலும்பு டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொள். கால்சியம் எந்த மாதம் ஆரம்பித்து எந்த மாதம் விட்டாய், காபி நேரம் எப்போது மாறியது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடு. அவர் உன்னைப் பார்க்கப்போவது ஐந்து நிமிஷம், தாளாக இருந்தால் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். எவ்வளவுக்குக் குறைப்பது என்பது அவர் பாடு. நான் சொன்ன 93-ஐ வைத்துக்கொண்டு நீயாக மாத்திரையைப் பிட்டுப் போடாதே. கால்சியம் மறுபடி தேவைப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்.

நித்யாவுக்கும் ஒரு டி.எஸ்.எச். பார்த்துவிடு. அம்மா, நான், நீ என்று வரிசையாக வந்திருக்கிறது. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகிறது, குழந்தைக்கு நினைக்கிறார்கள் என்றால் முன்னாடியே தெரிவது நல்லது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸின்தான் போகிறது. ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்களுக்கே அப்போது கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும்.

புரட்டாசி பிறந்ததும் நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன். தாம்பரத்தில் இறங்கிக்கொள்கிறேன், காலங்காத்தாலே யாரையும் ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டாம். டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் பண்ணு. புது ரிப்போர்ட்டைப் படம் எடுக்கும்போது இந்தத் தடவை ஓரம் வெட்டுப்படாமல் எடு. ரத்தம் எடுத்த நேரம் மேலே வலது மூலையில் இருக்கும், அது எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அக்கா